போரை மறுத்தவர்களின் நாட்காட்டி: ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் பல சமயத்தவர் கூடி இயங்கும் சிறு குழு ஒன்று இந்த ஆண்டுக்கெனத் தொகுத்து, நகரத்து அச்சகம் ஒன்றில் அச்சிட்டு வெளியிட்டிருக்கும் சுவர் நாட்காட்டியைப் பற்றியது இக்கட்டுரை. பன்னிரண்டு தாள்கள், ஒரு மேலட்டை, தலைப்பில் தகரப்பட்டி; விலை 750 ரூபா. ஏறக்குறைய ஒவ்வொரு தாளின் மேற்பாதியிலும் போருக்கு எதிராகப் பேசிய சமயத் தலைவர் ஒருவரின் அல்லது ஒரு சபையின் படமும், அதன் கீழே சிறு குறிப்பும் உள்ளன. கீழ்ப்பாதியில் வழக்கமான நாட்கட்டங்கள். நகைக்கடையும் வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் இலவசமாகக் கொடுக்கும் கலண்டர்கள் வீட்டில் வந்து குவியும் ஊரில், காசு கொடுத்து ஒன்றை வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் வேண்டும். காரணம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆயினும் பன்னிரண்டு தாள்களுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது.

முதலில் இதை வெறும் நாட்காட்டியாகவே பார்த்துவிடலாம். எண்கள் பெரியவை, அறையின் மறுகோடியிலிருந்தும் தெளிவாகத் தெரிகின்றன. போயா நாட்களும், பொது, வங்கி, வர்த்தக விடுமுறைகளும் வெவ்வேறு குறிகளால் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. கோணேசர் ஆலயத்து விழா நாட்கள், மடுவின் ஆவணித் திருவிழா, வெசாக், இரு பெருநாட்கள் ஆகிய எல்லாம் உரிய இடத்தில் உள்ளன. ராகுகாலமும் நல்லநேரமும் முன்பக்கத்தில் இருக்க, தொழுகை நேர அட்டவணை மட்டும் தாளின் பின்பக்கத்துக்குப் போயிருக்கிறது. ஆணியில் தொங்கும் தாளை நாளுக்கு ஐந்து தடவை யார் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதைத் தொகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தகரப்பட்டியும் நம் கடற்கரைக்கு ஏற்றதன்று. உட்துறைமுகத்துப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றில் அது ஆண்டு முடிவதற்குள் துருவேறிச் சுவரில் கறை வைக்கும். இவற்றுக்கு மேல் அச்சைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இனி மேற்பாதிக்கு வருவோம். போர் கொடியது என்று பொதுப்படச் சொல்லாத சமயம் உலகில் இல்லை. எதிரி தொடுக்கும் போரைக் கண்டிக்காத மதகுருவும் அரிது. அரிதானது வேறு: தன் நாடோ தன் இனமோ நடத்தும் போர் பிழையானது என்று, அந்தப் போருக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும் தன் சபையாரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினால், எவை நின்று வாசிக்கத்தக்கவை, எவை வெறும் அலங்காரம் என்பது எளிதில் பிரிந்து தெரிகிறது.

ஏப்ரல் மாதத் தாள்தான் இவற்றுள் தலைசிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4ஆம் திகதி நியூயோர்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போருக்கு எதிராக ஆற்றிய உரையைப் பற்றியது அது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர் என்ற, எல்லாருக்கும் தெரிந்த சித்திரத்தோடு குறிப்பு நின்றுவிடவில்லை. 1964இல் குடிசார் உரிமைகள் சட்டத்திலும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையொப்பமிட்ட ஜனாதிபதி ஜோன்சன்தான் அந்தப் போரையும் நடத்திக்கொண்டிருந்தார். அவரைப் பகைத்துக்கொண்டால் தன் சனத்துக்குக் கிடைத்துவரும் பயன்கள் நின்றுபோகலாம் என்று கிங்குக்கு நெருக்கமானவர்களே அஞ்சினார்கள். உரை முடிந்த சில நாட்களுக்குள், அதுவரை அவரைப் பாராட்டிவந்த பெரிய நாளேடுகள் அவருக்கு இது தேவையில்லாத வேலை என்று தலையங்கம் எழுதின. கறுப்பினத்தவரின் முன்னணி அமைப்பொன்றும் அவரோடு உடன்படவில்லை. அதே மேடையில் யூத ரபி ஏப்ரகாம் யோசுவா ஹெஷலும் பேசினார் என்பதையும், கூட்டத்தை ஒழுங்குசெய்தது போரைக் குறித்துக் கவலைகொண்ட குருமாரும் பொதுநிலையினரும் சேர்ந்த அமைப்பு என்பதையும் குறிப்பு விடாமல் சொல்கிறது. சரியாக ஓராண்டு கழித்து, 1968இல் அதே திகதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உரைதான் கொலைக்குக் காரணம் என்று கதை கட்டாமல், இரு நாட்களையும் ஒரே கட்டத்தில் குறித்துவிட்டு விலகிக்கொண்ட நிதானம் பாராட்டுக்குரியது.

இதற்கு இணைத்தாளாக அமைகிறது ஜனவரி. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 2022 ஜனவரி 22ஆம் திகதி காலமானார். அவரைச் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு 1967 ஜனவரியில் முன்மொழிந்தவர் கிங். அந்த ஆண்டு அப்பரிசு எவருக்குமே வழங்கப்படவில்லை. தெற்கின் பக்கமும் நிற்காமல் வடக்கின் பக்கமும் நிற்காமல் போரை நிறுத்துங்கள் என்று கேட்ட துறவிக்கு 1966இல் வெளியேறிய நாட்டுக்குத் திரும்பும் வழி 2005 வரையில் திறக்கவில்லை. இந்தத் தாளை வாசிப்பவர்களுக்கு, 1917 ஓகஸ்டில் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் போரிடும் நாடுகளுக்கு அனுப்பிய சமாதான மடலைச் சொல்லும் ஓகஸ்ட் தாளும் விளங்கும்: முதல் உலகப் போரைப் பயனற்ற படுகொலை என்று எழுதிய அவரை இரு தரப்பாரும் மறுதரப்பின் ஆள் என்றார்கள். பேச்சுவார்த்தைக் காலங்களில் இரு பக்கமும் போய்வந்த நம்மூர்க் குருமாருக்கு இந்தப் பட்டம் புதியதன்று.

மார்ச் மாதம் எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவுக்கு உரியது. 1980 மார்ச் 23ஆம் திகதி, வானொலியில் நாடெங்கும் ஒலித்த மறையுரையில், கொலை செய்யாதே என்ற இறைகட்டளைக்கு மாறான ஆணைக்கு எந்தப் படைவீரனும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று இராணுவத்தினரை நோக்கி அவர் நேரடியாகச் சொன்னார். மறுநாள் திருப்பலி ஒப்புக்கொடுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படைவீரர்களும் அவருடைய மந்தையைச் சேர்ந்த ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள்தாம் என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் குறிப்பு முழுமை பெற்றிருக்கும்.

ஜூன் தாளில் பிழை இருக்கிறது, சிறிய பிழையுமன்று. 1963 ஜூன் 11ஆம் திகதி சைகோன் நகர வீதியில் தீக்குளித்த திக் குவாங் டுக் என்ற துறவியைப் போருக்கு எதிராக உயிர்விட்டவர் என்று குறிப்பு அறிமுகப்படுத்துகிறது. அவர் எதிர்த்தது பௌத்தர்கள் மீது தென் வியட்நாமின் தியெம் அரசு நடத்திய ஒடுக்குமுறையை. போரை நிறுத்தக் கோரி உயிர்விட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், 1967 மே 16ஆம் திகதி தன் முன்னே பௌத்தர்கள் வணங்கும் குவான் அம்மையின் உருவத்தையும் கன்னி மரியாளின் உருவத்தையும் வைத்துவிட்டு இறந்த நாட் சி மாய் என்ற பெண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்று எனக்குண்டு. எரியும் மனிதரின் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே முப்பது நாட்கள் தொங்கவிடும்படி பிள்ளைகள் உள்ள வீட்டாரைக் கேட்கலாகாது. உயிரைப் போக்கிக்கொள்ளும் செயலை மாதப் படமாக்கி மெச்சுவது, போரை மறுக்கும் நாட்காட்டி செய்யத் தகுந்த காரியமன்று. என் வீட்டில் ஜூன் மாதத்துக்கு மட்டும் நகைக்கடைக் கலண்டர் தொங்கும்.

காந்தியின் ஒக்டோபர் தாள் மூக்குக்கண்ணாடியும் இராட்டையுமாகச் சோம்பிக் கிடக்கிறது. 1918இல் கேடா மாவட்டத்துக் கிராமங்களில் பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்க்க நடந்து திரிந்தவரும் இதே காந்திதான் என்பதைச் சொல்லி, அங்கிருந்து அவர் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று காட்டியிருந்தால் வாசிப்பவர் நின்று யோசித்திருப்பார்கள். மாசற்ற மகான்களாகவே எல்லாரையும் வரைய வேண்டும் என்ற பழக்கம் இந்த நாட்காட்டியை ஆங்காங்கே பிடித்திருக்கிறது.

முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டது நவம்பர் ஒன்றுதான். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்களே கூடுதலாக வாழும் மாவட்டத்தில் இது எவ்வளவு பொருத்தம் என்பதை வெளியீட்டாளர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். பஷ்தூன் தலைவர் கான் அப்துல் கபார் கானைப் பற்றிய குறிப்பு நன்றாகவே எழுதப்பட்டுள்ளது. இஸ்லாத்தின் பொறுமையையே ஆயுதமாகக் கொண்டு 1929இல் அவர் தொடங்கிய செஞ்சட்டை இயக்கத்தாரும் அவர்களுடைய ஆதரவாளர்களும் 1930 ஏப்ரல் 23ஆம் திகதி பெஷாவர் கடைத்தெருவில் துப்பாக்கிகளுக்கு முன்னே வெறுங்கையோடு நின்றதை அது சொல்கிறது. இன்னொரு முஸ்லிம் தாளுக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1967 ஏப்ரல் 28ஆம் திகதி, கிங் பேசி நான்கு கிழமைகள் கூட ஆகாத நிலையில், தன் மார்க்கத்தைக் காரணம் காட்டிப் படையில் சேர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, மூன்று ஆண்டுகளுக்கு மேல் மேடையேற முடியவில்லை, 1971 ஜூனில்தான் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை நீக்கியது. மதத் தலைவர் அல்லர் என்பது ஆட்சேபமாக இருக்குமானால், அதற்கு அடுத்த பத்தியில் பதில் இருக்கிறது.

தலைவர்களையே தேடிப் போனதுதான் இந்தத் தொகுப்பின் பெரிய குறை. மேலட்டையில் சபைகள் என்ற சொல் இருந்தும், உள்ளே சபைக்கென ஒதுக்கப்பட்டது பெப்ரவரித் தாள் மட்டுமே. அது குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையாரைப் பற்றியது. எந்த அரசுக்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று 1660இல் இங்கிலாந்தின் அரசருக்கு அறிவித்து, அந்த நிலைப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, 1947இல் தங்கள் நிவாரணப் பணிக்காக நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். ஆனால் சபையில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பவர் தலைவரையும் தாண்டிப் போன கதைகளும் உள்ளன. அவை இங்கே இல்லை. ஹிட்லரின் படையில் போரிட மறுத்து 1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி கொல்லப்பட்ட ஒஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் முதலில் போய் ஆலோசனை கேட்டது தன் ஆயரிடம். குடும்பத்தை எண்ணிப் பார் என்பதே அங்கே கிடைத்த புத்திமதி. 2007இல் அதே திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. கம்போடியாவில் மகா கோசானந்த தேரர் 1992இல் தொடங்கிய தர்ம யாத்திரையில், தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளும் பிக்குகளும் பிக்குணிகளும் போர் முற்றாக ஓயாத மாகாணங்களின் வழியே புனோம் பென் வரை நடந்தார்கள். செப்டெம்பர் தாளில் தேரரின் முகம் மட்டும் இருக்கிறது. நடந்தவர்களின் படம் இல்லை.

தலைமைக்கும் அடியாருக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு நம் காலத்திலும் வெளிப்படையாகவே தெரிகிறது. உக்ரைன் போரை மொஸ்கோவின் மறைமுதல்வர் கிரில் ஆசீர்வதித்தார். 2022 மார்ச்சில் ஏறத்தாழ முந்நூறு ரஷ்ய ஓர்த்தொடொக்ஸ் குருமார் போரை நிறுத்தக் கோரும் மடலில் கையொப்பமிட்டனர். அதே மாதம், கொஸ்திரோமாப் பகுதிக் கிராமக் குருவானவர் இயோவான் பூர்தின் தன் மறையுரைக்காக நீதிமன்றத்தில் 35,000 ரூபிள் தண்டம் கட்ட நேர்ந்தது. வெற்றிக்காகச் செய்யும்படி விதிக்கப்பட்ட மன்றாட்டைச் சமாதானத்துக்கான மன்றாட்டாக மாற்றிச் சொன்ன மற்றொரு குருவானவர் இயோவான் கோவால், 2023இல் குருப்பட்டத்தையே இழந்தார். டிசம்பர் தாளை பெத்லகேம் லூத்தரன் ஆலயத்தார் 2023 நத்தாருக்கு இடிபாடுகளின் நடுவே அமைத்த பாலன் குடிலின் படத்துக்கு ஒதுக்கியது நல்ல தெரிவு. ரஷ்யக் குருமாருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கலாம்.

நம் நாட்டைப் பற்றிய பகுதிக்கு வரும்போது எனக்கு மரியாதையும் ஏமாற்றமும் ஒருங்கே உண்டாகின்றன. 1984 டிசம்பரில் மன்னாரில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட அருட்பணி மேரி பஸ்தியன், மட்டக்களப்புப் பிரசைகள் குழுவுக்குத் தலைமை தாங்கி 1988 ஜூன் 6ஆம் திகதி கொல்லப்பட்ட அருட்பணி சந்திரா பெர்னாண்டோ, 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போன இயேசுசபைக் குருவானவர் யூஜின் ஹேபெர்ட், 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் காணாமற்போன அருட்பணி ஜிம் பிரவுண் ஆகியோர் அந்தந்த நாட்கட்டங்களில் சிறிய சிலுவைக் குறியோடு இடம்பெறுகிறார்கள். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனோரைப் பற்றி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னிலையில் வைத்த 146,679 என்ற எண், அரசாங்கத்தின் பதிவேடுகளையே ஒப்பிட்டுக் கழித்துப் பெறப்பட்டது என்ற விளக்கமும் இருக்கிறது. இது கவனமான வேலை.

ஆனால் திருகோணமலை எங்கே? போர்க்காலத்தின் ஏறக்குறைய முழுவதிலும், 1983 முதல், திருகோணமலையையும் மட்டக்களப்பையும் உள்ளடக்கிய மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகைக்குக் கிடைத்தவை ஜூலைத் தாளின் ஓரத்தில் ஒரு முகப்படமும் இரண்டு வரிகளும். 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்து மூதூரில் மூண்ட சண்டையின்போது சனம் அடைக்கலம் புகுந்த பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த நாட்களைக் கண்டவர்கள் கடலுக்கு அந்தப்பக்கம் இன்றும் இருக்கிறார்கள். மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போய்க் கேட்டு எழுதியிருந்தால் எந்த வெளிநாட்டுத் தாளையும் விட அது எடை கூடியதாக இருந்திருக்கும். ஓகஸ்ட் 3ஆம் திகதியின் கட்டத்தில், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டதை மறைக்காமல் பதிவுசெய்திருப்பதை நான் மதிக்கிறேன். தமிழில் அச்சிட்டுத் தமிழர் வீட்டில் மாட்டும் நாட்காட்டிக்கு அதுவே துணிவு. இருந்தாலும் மற்றக் கட்டங்களில் பேசியவர் பெயரைத் தரும் தொகுப்பாளர்கள் இங்கே நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்தக் கிழமை நம் கோவில்களிலும் தேவாலயங்களிலும் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேடிப் போடுவதுதானே இந்த வெளியீட்டின் நோக்கம்?

மே மாதத் தாள் ஒரு தாமரைப் பூ. குறிப்பு இல்லை, வெசாக் வாழ்த்து மட்டும். அச்சகத்துக்கோ விற்கும் கடைக்கோ தொல்லை வரக்கூடாது என்று எண்ணியிருப்பார்கள்; அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனாலும் 18ஆம் திகதியின் கட்டம் வெறுமையாக இருப்பது உறுத்துகிறது. 2009இல் அந்த நாளில் வட்டுவாகலில் சரணடைந்த மக்களோடு நின்று, பின்பு எவர் கண்ணிலும் படாத அருட்பணி பிரான்சிஸ் ஜோசப்பின் பெயர், ஜனவரியின் சிலுவைக் குறிகளை விட எவ்விதத்திலும் ஆபத்தானதன்று. அவ்வளவும் முடியாதென்றால் வேறொரு வழி இந்த நாட்காட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜூலைத் தாளில் கன்டர்பரிப் பேராயர் ரொபர்ட் ரன்சி இருக்கிறார். போக்லண்ட் போரில் பிரித்தானியா வென்றபின் 1982 ஜூலை 26ஆம் திகதி லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த வழிபாட்டில், இறந்த ஆர்ஜென்டீனர்களுக்காகவும் அவர் மன்றாடினார். பிரதமர் தட்சர் அதை விரும்பவில்லை என்று அப்போதே பேசப்பட்டது. ரன்சி கோழையோ போர் அறியாதவரோ அல்லர். இரண்டாம் உலகப் போரில் தாங்கிப் படைப்பிரிவில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர். அந்தத் தாளை மே மாதத்துக்கு மாற்றினாலே போதும், யாருக்கு எது விளங்க வேண்டுமோ அது விளங்கும். ஜூலையும் சுவாம்பிள்ளை ஆண்டகைக்கு முழுமையாகக் கிடைக்கும்.

விற்பனைச் சேவையைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. மத்திய வீதிப் பக்கத்துப் புத்தகக் கடைகள் சிலவற்றிலும், ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் சில ஆலய வாசல்களிலும் கிடைக்கிறது. பத்துப் பிரதிகளுக்கு மேல் எடுத்தால் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பஸ்ஸில் அனுப்பிவைக்கிறார்கள், சுருட்டிய தாள் கசங்காதபடி அட்டைக் குழாயும் தருகிறார்கள். பாடசாலை நூலகங்களும் அறநெறிப் பாடசாலைகளும் வாங்கலாம், ஜூன் தாளை நீக்கிவிட்டு. வீட்டுக்கு வாங்குபவர்கள் ஏப்ரல் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் எடுத்துவைக்கலாம்.

அடுத்த ஆண்டு சிங்களப் பதிப்பும் கொண்டுவரும் எண்ணம் இருப்பதாகக் கடையில் சொன்னார்கள். அப்படியானால் இரு பதிப்புகளிலும் ஒரே பன்னிரண்டு தாள்கள் இருக்க வேண்டும்: காத்தான்குடி தமிழ்ப் பதிப்பிலும் வங்காலை சிங்களப் பதிப்பிலும் விடுபடாமல், மே மாதத்தில் இரண்டிலும் ஒரே படத்தோடு. அதற்கு ஆகும் கூடுதல் அச்சுச் செலவுக்காக விலையை ஆயிரம் ரூபாவாக உயர்த்தினாலும் நான் வாங்குவேன்.